ஜூலையில் யாரும் வருவதில்லை

தப்பான மாதத்தில் வந்திருக்கிறாய்.
மினிபஸ்ஸிலிருந்து இறங்கிய என்னிடம்
சியாலா சொன்ன முதல் வார்த்தை அதுதான்.
அக்டோபரில் வா. பழம் மிதிக்கலாம், படம் பிடிக்கலாம்.
இப்போது கொடியில் தொங்குவது
மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை.
கடித்தால் பல் கூசும்.
கடித்தேன். கூசியது.

ககேத்திச் சமவெளி வெயிலில் மல்லாந்து கிடந்தது.
வடக்கே காகசஸ் மலை, பாதி பனி, பாதி புகை.
ஒயின் சாலை என்று எழுதிய பலகையின் நிழலில்
மூன்று பன்றிகள் தூங்கின.

வரைபடத்தில் இல்லாத ஒன்றைக் காட்டட்டுமா
என்று முன்னே நடந்தாள் ததுலி.
பதினொரு வயது, முழங்காலில் பிளாஸ்திரி,
பள்ளிக்கூட ஆங்கிலம்.
ரயில் பாதைக்கு அப்பால், முள்வேலி தாண்டி,
சாம்பல்நிறச் சேறு
கொதிக்கிற கூழ்போல் குமிழிட்டது.
தொட்டால் ஜில்லென்றிருந்தது.
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர் கழுத்துவரை அமிழ்ந்து
கைகளை மட்டும் வெளியே நீட்டி
செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.
மூட்டுவலிக்கு நல்லது என்றார்.
எனக்கு மூட்டுவலி இல்லை என்றேன்.
"வரும்" என்றார், பக்கத்தைப் புரட்டி.
இறங்கினேன்.

திரும்பும் வழியில் ரொட்டிக்கடை.
மண்ணடுப்புக்குள் இடுப்புவரை கவிழ்ந்து
மாவை அறைந்து ஒட்டுகிறாள் ஒருத்தி;
ஒரு கணம் கால்கள் மட்டும்தான் வெளியே.
வாள்போல் வளைந்த ரொட்டி, நுனி கருகியது.
வீடு சேர்வதற்குள் இரண்டு நுனியும் காலி.
அது இங்கே வழக்கமாம்.
இல்லாவிட்டாலும் தின்றிருப்போம்.
புளிப்புப் பிளம் துவையல், உப்பேறிய பாலாடைக்கட்டி,
கட்டுக்கட்டாகக் கொத்தமல்லி:
நறுக்கக் கூடாது,
ஆடு மேய்வதுபோல் கடிக்கவேண்டும்.

பின்கட்டில் ஓமாரியைத் தேடினால் ஆள் இல்லை.
குரல் மட்டும் தரைக்கடியிலிருந்து வந்தது.
கழுத்துவரை மண்ணில் புதைத்த தாழி.
எங்கள் மொழியில் தாழி என்றால்
செத்தவரை உட்காரவைத்துப் புதைப்பது என்றேன்.
ததுலி அதை உள்ளே கத்தினாள்.
சிரிப்பு நான்கு மடங்காகத் திரும்பி வந்தது.
"நான் உட்காரவில்லை,
நின்றுகொண்டு தேய்க்கிறேன் என்று சொல்!"
செரிமரப் பட்டைத் துடைப்பம்.
வாளி வாளியாகக் கலங்கல் மேலே வந்தது.
கடைசி வாளியை அவனே ஒரு வாய் குடித்தான்.
குடிக்கிற அளவு தெளிந்தால்தான்
தாழி கழுவியதாகக் கணக்கு.

நாலு மணிக்கு மேற்கில் ஒரு மேகம், கத்தரிக்காய் நிறம்.
சியாலா கத்தியைக் கீழே வைத்தாள்.
ஓமாரி தாழியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான்.
குன்றின்மேலிருந்து ராக்கெட்டுகள் கிளம்பின.
மேகத்தைச் சுடுகிற ஊர் இது,
கட்டியை விழுமுன் மழையாக உடைக்க.
ததுலி எண்ணினாள். ஏழு.
ஏழும் போதவில்லை.

ஆறு நிமிடம்.
தகரக் கூரைமேல்
யாரோ ஜல்லி லாரியைக் கவிழ்த்தார்கள்.

நின்றதும் சியாலா கொடிகளுக்கிடையே போனாள்.
இலையெல்லாம் சல்லடை.
காலையில் நான் கடித்துத் துப்பிய மணியும்
தரையில் கிடந்தவற்றோடுதான் கிடந்திருக்கும்.
மேல் நாலு வரிசை போயிற்று என்று விரலால் காட்டினாள்.
ஐந்தாவது பாதி.
அதற்கப்பால் நடக்கவில்லை.

பிறகு அலுமினியப் பேசினை எடுத்துவந்து
ஆலங்கட்டிகளை அள்ளத் தொடங்கினாள்.
எதற்கென்று தெரியாமல் நானும் அள்ளினேன்.
நிறைந்ததும்
தர்பூசணி ஒன்றை அதன் நடுவே உட்காரவைத்தாள்.
கரன்ட் வர ராத்திரியாகும் என்றாள்.

ஓமாரி போன வருடத்துத் தேறலை ஊற்றினான், தேன்நிறம்.
எதன் பேரில் குடிக்கிறோம் என்று
ஒருவர் சொல்லியாகவேண்டும்; இங்கே சட்டம்.
கோப்பையை நெடுநேரம் பிடித்தபடி இருந்தான்.
"மீதி வரிசைகளுக்கு" என்றான்.

தர்பூசணி பல் கூசக் குளிர்ந்திருந்தது.
அக்டோபரில் வா என்று
சியாலா மறுபடி சொல்லவில்லை.
ததுலி விதைகளை வேலிக்கு அப்பால் துப்பிக்கொண்டிருந்தாள்.
என் காதுக்குள் இன்னும் கொஞ்சம் சேறு.