இருக்கைக்கு அடியில்

ஆறு வருஷம் ஒரே லாரி.
தலாஸிலிருந்து பீன்ஸ் மூட்டை,
திரும்புகையில் சிமெண்ட், சிலசமயம் ஒன்றுமில்லை.
நான் ஓட்டினால் சகின்பாய் பாடுவான்.
பாட்டு சகிக்காது.

அவன் மனைவியின் மூட்டுவலி எனக்குத் தெரியும்.
ஹனோவரிலிருந்து என் மகன் பேசாத மாதங்கள்
அவனுக்குக் கணக்கு.
தொழுகைக்கு அவன் இறங்கினால்
பிரேக்கை மிதித்தபடி நான் உட்கார்ந்திருப்பேன்,
கைபிரேக்கை நம்ப முடியாது.
சாப்பிடுமுன் நான் கண்மூடினால்
ரேடியோவைத் தணிப்பான்.
அதற்கு மேல் அவன் கேட்டதில்லை,
நான் சொன்னதில்லை.

போன அறுவடை ஸ்தோத்திரத்தில்
போதகர் டிர்க்ஸ் என்னை மட்டும் நிறுத்தினார்.
"ஆறு வருஷம், ஒரே ஆள், ஒரே கேபின்.
கொர்னேலியுஸ், அந்த நாளில் என்ன சொல்வாய்?"
கையில் நாற்பது துண்டுப் பிரசுரம்,
கிர்கிஸ் மொழியில்.
மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயமாம்.
எனக்கு இருக்கைக்கு அடியில்.
ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கட்டு
தொம்மென்று விழும்.
"என்னது அது?" என்பான்.
"ஸ்பேனர்."

தோ அஷூ கணவாய், ஜனவரி,
சுரங்கத்துக்கு இரண்டு வளைவு கீழே.
டீசல் கூழாகிவிட்டது.
டேங்குக்கு அடியில் எண்ணெய்த் துணி தட்டு வைத்தோம்,
துணி பிடிக்கவில்லை.
மூன்று தீக்குச்சி மிச்சம்.
"காகிதம்!" என்று கத்தினான், காற்றுக்கு மேலே.

கட்டை எடுத்து நீட்டினேன்.
பொய் சொல்ல வேண்டாம்:
எரிந்து தொலையட்டும் என்றுதான் நீட்டினேன்.

டார்ச்சில் முதல் வரியைப் பார்த்தான்.
"குதாய் என்று போட்டிருக்கிறதே.
இதையா கொளுத்தச் சொல்கிறாய்?"
கோட்டுக்குள் திணித்துக்கொண்டான்.
பிறகு கேபினைக் கவிழ்த்தான்.
சிகரெட் அட்டை, நாட்காட்டி,
மூன்று வருஷத்து அபராதச் சீட்டுகள்,
கட்டாதவையும் சேர்த்து.
அவை நன்றாக எரிந்தன.

இன்ஜின் இருமி, நின்று, மறுபடி இருமிப் பிடித்தது.
சுரங்கத்துக்குள் கேட்டான்:
"இதுதானா ஸ்பேனர்?"
"ம்."
"ஏன் ஒளித்தாய்?"
"உனக்கு மரியாதை என்று நினைத்தேன்."
"எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்தாயோ என்னவோ."
கொஞ்சதூரம் போனபின்,
"அடிப்பேன் என்றா?"
பதில் இல்லை என்னிடம்.
"வாசி. சூசமிர் வரைக்கும் நீ.
அப்புறம் நான் பேசுவேன்,
நடுவில் இறங்க முடியாது."

வாசித்தேன்.
வரிக்கு வரி திருத்தினான்:
"உதட்டைக் குவி. அது ஓ இல்லை.
நீ சொன்னது ஒட்டகம்."

மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்.
இவரையன்றி வேறு வழி இல்லை என்று.
நான் அதை நம்புகிறவன். இன்றும்.
ஆனால் அவன் கையுறை கிழிந்திருந்தது,
விரல்நுனி கருகியிருந்தது,
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
அடுத்த வரிக்குத் தாவப் பார்த்தேன்.
"விட்டுவிட்டாயே, வாசி."
வாசித்தேன்.
கியரை மாற்றினான். வைப்பர் இரண்டுமுறை போய்வந்தது.
"எங்களிடமும் அப்படித்தான் இருக்கிறது," என்றான்.
பிறகு அவன் முறை.
அவன் சொன்னதில் பாதி
எனக்கு ஏற்பில்லை, சொன்னேன்.
சிரித்தான். விடியவில்லை இன்னும்.

ஞாயிறன்று டிர்க்ஸ் வாசலிலேயே பிடித்தார்.
"சொன்னாயா?"
"சொன்னேன்."
"என்ன சொன்னான்?"
"என் உச்சரிப்பு மோசமாம்."

அவனுக்காக நான் ஜெபிக்கிறேன், அவனுக்குத் தெரியும்.
எனக்காக அவனும் கேட்கிறான்,
கேட்பது என்னவென்றும் தெரியும்.
கட்டு இப்போது முன்கண்ணாடிக்குக் கீழே,
அவன் பிரெட் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.
கைபிரேக் இன்னும் சரியில்லை.