சில்லறை வேலை

செக்ரோலில் எல்லே என்றொரு வேலை கிடையாது.
கவ்வாத்து இருக்கிறது, புல்லுவெட்டு, மருந்தடிப்பு,
பங்களாப் பூந்தோட்டம்கூட இருக்கிறது.
பந்தடிக்கிறவனுக்கு அரைப்பேர் போடு என்று
ஒரு பின்னேரம் தொரை சொன்னார்,
எந்த வரியில் என்று சொல்லாமல் ஜீப்பில் ஏறிவிட்டார்.
நான் பேனாவை உதறி எழுதினேன்:
கானுவெட்டு, ஏழாம் நம்பர் மலை.

வாரத்துக்கு மூன்று பின்னேரம், பதினாறு ஆள்.
இருபத்துநாலு பேர்.
விளையாடிக் கூலி வாங்கும் கூட்டத்தை
மஸ்கெலியாப் பக்கம் இப்போதுதான் பார்க்கிறேன் என்று
கோயில் தலைவர் முறைப்பாடு வைத்தார்.
"வேர்வை வருதுங்களே" என்றான் சன்னாசி.

மூங்கில், கொழுந்து லொறி பியதிலக்கவின் ஊரிலிருந்து;
அவனே வெட்டி, தணலில் வாட்டி, நிமிர்த்திக் கொடுத்தது.
முதல் நாள் சன்னாசி அடித்த பந்து
ஸ்டோர்க் கூரையில் விழுந்து உருண்டது.
டீமேக்கர் வெளியே வந்து மழையா என்று பார்த்தார்.
வெள்ளையன் எறிந்தால்
ஓடுகிறவன் முதுகில் பந்து முத்திரை மாதிரிப் பதியும்.
அந்தோனிமுத்துவுக்கு அடிக்கத் தெரியாது, எறியத் தெரியாது.
ஓடத் தெரியும்.

தை மாதம் நோர்வூட்டில் தோற்றோம்.
அப்படித் தோற்கக் கூடாது, அவ்வளவுதான் சொல்வேன்.
பிறகு சாமிமலை, பொகவந்தலாவை, கொட்டகலை,
ஞாயிறுக்கு ஞாயிறு ஒரு பஸ், ஒரு கிடாரம் தேத்தண்ணி,
ரொட்டியும் கட்டச்சம்பலும்.
திரும்பி வரும்போது பஸ்ஸுக்கே தொண்டை கட்டியிருக்கும்.

சித்திரையில் அட்டன். இறுதி ஆட்டம்.
ஓர் ஓட்டம் வேண்டும், ஒரே பந்து மிச்சம்.
மூடுபனி இறங்கி
எறிகிறவனுக்கு இடுப்புக்கு மேல் ஆளில்லை.
சன்னாசி அடித்தான்.
பந்து வெள்ளைக்குள் போனது.
எதிரணி முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.
அவன் மட்டும் ஓடினான்,
ஈரப்புல்லில் சப்புச் சப்பென்று பாதம்
எங்கோ வலது பக்கம், பிறகு எங்கோ பின்னால்,
பிறகு எங்கள் நடுவில்.
அதற்கும் பிறகுதான்
தூரத்தில் யார் வீட்டுத் தகரத்திலோ
டங்.
இதில் ஒன்றும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

கோப்பை ஆபீஸ் அலுமாரி மேல் ஏறியது.
வைகாசியில் கடிதம் வந்தது:
கணக்குப் பார்க்க மூன்று வாரத்தில் ஒருவர் வருவார்,
கானுகளையும் பார்ப்பார்.
பதினாலு வாரம். முந்நூற்று முப்பத்தாறு பேர்.
தொரை லீவில் போயிருந்தார்.

நான் யாரையும் கேட்கவில்லை. சத்தியமாக.
அன்றிரவு ஏழாம் நம்பர் மலையில்
பதினாறு அரிக்கன் லாம்பு.
பியதிலக்க லொறியை நிறுத்தி
விளக்கை மேலே அடித்துக்கொண்டிருந்தான்.
பகலில் முழுப்பேர், ராவில் மம்பட்டி,
இருபத்தொரு ராத்திரி.
கல்லில் மம்பட்டி படும்போதெல்லாம்
யாராவது ஒருத்தன் "அவுட்" என்று கத்துவான்.

வந்தவர் சங்கிலி போட்டு அளந்தார்.
மறுபடி அளந்தார்.
கணக்கைவிட எட்டடி கூட இருக்கிறதே என்றார்.
அந்தோனிமுத்து தலையைச் சொறிந்தான்.
"நிக்கத் தெரியலைங்க."