ரசீது வேண்டாம்

பொங்கோல். பதினான்காம் மாடி. மணி பதினொன்று.
கீழே தகரத் தொட்டியில் யாரோ
செத்துப்போன அப்பாவுக்குப் பணம் அனுப்புகிறார்கள்.
ஏழாம் மாதம்.
கட்டுக்கட்டாகக் காகித நோட்டு. நெருப்பு
அடையாள அட்டை கேட்பதில்லை,
காரணத்தைக் கட்டத்துக்குள் நிரப்பச் சொல்வதில்லை.
சாம்பல் மேலேறி வந்து
மூங்கில் கழியில் காயும் என் வெள்ளைச் சட்டையில் உட்கார்கிறது.

ஆறு வருஷமாக நான் எழுதும் நிரலும்
ஏறக்குறைய இதுதான்.
அனுப்பியவர் தெரியாது, வாங்கியவர் தெரியாது,
கணக்கு மட்டும் பிசகாது.

"மறைக்க உனக்கு என்னதான் இருக்கு?" என்றான் வெய் ஜியே
கோப்பி-ஓவைக் கலக்கியபடி.
இருக்கிறது.
பிரிந்துபோனவனின் போன் பில்லை
நாலு மாதம் நான்தான் கட்டினேன்.
குற்றம் இல்லை. பெருமையும் இல்லை.
உன் கோப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை.

அந்தக் கடைத் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நாடு.
ஆட்சி கவிழ்ந்திருந்தது.
காயம்பட்டவர்களுக்குப் பஞ்சும் டிஞ்சரும் வாங்க
பத்தும் இருபதும் போட்டவர்களின் பட்டியலை
வங்கியே எடுத்துக் கொடுத்துவிட்டதாம்.
வீடு வீடாகப் போகிறார்கள்.
பார்த்தாயா என்று நான் அவனிடம் கேட்கவில்லை.

அதே வாரம்தான்
பக்கத்து வீட்டு மேடம் கோ ஏமாந்தார்.
வங்கியிலிருந்து பேசுவதாக ஒரு குரல்.
எண்பதாயிரம் வெள்ளி.
டாக்சி ஓட்டிய கணவர் விட்டுப்போனது.
அலுவலகத்துக்கு வந்த போலீஸ் அதிகாரி
மரியாதையான பையன். திரையில் விரல் வைத்து
"இதுவரைக்கும் வந்துவிட்டோம். இதற்கு அப்புறம்?" என்றான்.
அப்புறம் எனக்கும் தெரியாது.
எனக்கும் தெரியக்கூடாது என்றுதான் எழுதினேன்.
அதைச் சொன்னபோது
அவன் எதையும் குறித்துக்கொள்ளாமல் பேனாவை மூடினான்.

மின்தூக்கியில் மேடம் கோ இப்போதும்
பதினான்கை எனக்கும் சேர்த்து அமுக்குகிறார்.
சில நாள் நான் படியேறி வருகிறேன்.

தானம் என்றால் எனக்கு ஞாபகம் வருவது
கம்பெனி வைத்த விருந்தும்
கதவைவிடப் பெரிய அட்டைக் காசோலையும்.
ஓரத்தைப் பிடித்துக்கொள்ள சூசைமாணிக்கத்தை நிறுத்தியிருந்தார்கள்.
பிடிக்க அவருக்கு அந்தக் கையில் மூன்று விரல் மிச்சம்.
கை தெரிகிற மாதிரி, என்றார் புகைப்படக்காரர்.
இன்னும் கொஞ்சம் மேலே.

அன்றிரவே அவர் போனில் ஒரு பணப்பையை நிறுவிக் கொடுத்தேன்.
மறுநாள் என் நாணயத்தில் கொஞ்சம் அனுப்பினேன், பெயரில்லாமல்.
அழைத்தார்:
"அக்கா, யாரோ எதையோ போட்டிருக்காங்க.
இதை ரொட்டிக்கடையில வாங்குவாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை துவாஸ் விடுதி வாசலுக்கே போனேன்.
உறைக்குள் ஐம்பது வெள்ளித் தாள்கள்.
நான் எழுதிய எதையும்விட எளிய ரகசியம்,
மடித்தால் சட்டைப்பையில் அடங்கும்.
"ஒருத்தர் கொடுக்கச் சொன்னார்," என்றேன்.
"ரசீது வேண்டாமாம்."

அவர் எண்ணிப் பார்க்கவில்லை.
"பேரு?"
"அதுவும் வேண்டாமாம்."
"ரசீதுக்கு இல்லக்கா. ஜெபத்துல சொல்லணும்ல.
யாரோன்னு சொன்னா
கடவுள் அதை யாரு கணக்குல வைப்பாரு?"

லாரி ஒன்று கீச்சிட்டுக்கொண்டே பின்னால் வந்தது.
இருவரும் ஓரம் ஒதுங்கினோம்.
உறையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு
இன்னும் பதிலுக்கு நின்றார்.

அடையாள அட்டையில், வங்கியில், வாடகை ஒப்பந்தத்தில்
எதிலும் ஏறாத பெயர் ஒன்று எனக்கு உண்டு.
அம்மா மட்டும் கூப்பிடுவது.
அதைச் சொன்னேன்.

சொல்லிப் பார்த்தார்.
இரண்டாம் தடவை
ஓர் எழுத்து மாறிப்போயிற்று.
திருத்தவில்லை.