சும்மா ஓடுறது

ஒலுமடு தாண்டி
காபெட் ரோட்டை விட்டு இறங்கியதும்
ஹாண்டில் பேசத் தொடங்கும்.
முதலில் மணிக்கட்டில், பிறகு முழங்கையில்,
பிறகு கடைவாய்ப் பல்லில்.
எந்தக் கிடங்கில் வெட்டிய கிறவல் என்று
பல்லுக்குத் தெரியும்.
செம்மண் சேர்ந்தது அமத்தலாகப் பேசும்.
உருண்டைக் கல்
வழுக்கி வழுக்கிப் பொய் சொல்லும்.

என்னுடையது யப்பானில் ஆரோ ஓடிக் கழித்தது.
கொண்டெய்னரில் வந்து
புதுக்குடியிருப்பில் முப்பத்தெட்டாயிரம்.
சட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஸ்டிக்கர்.
வாசிக்கத் தெரியாத ஒரு பெயரை
முழங்கால்களுக்கு இடையில் வைத்து மிதிக்கிறேன்.
தயாபரியுடையது பழைய லுமாலா,
டயர் மட்டும் தடித்தது.
அவள்தான் எப்போதும் முன்னுக்கு.

போயா நாள். அவளுக்கு வங்கி இல்லை,
எனக்குப் பத்தாம் வகுப்பின் கணிதம் இல்லை.
ரோட்டின் நடுவில் யானை லத்தி,
இன்னும் ஆவி பறக்க.
அவள் பிரேக் பிடிக்கவில்லை.
பெல் அடித்தாள், இரண்டு தரம்,
காட்டுக்குக் கேட்கிற மாதிரி.

மாடு சாய்த்துக்கொண்டு வந்தவர் கேட்டார்:
"எங்க பிள்ளையள் போறியள்?"
"சும்மா ஐயா."
"சும்மாவோ?"
மாடுகள் போய்விட்டன, அவர் நின்றார்.
"ஆருக்கும் சுகமில்லையோ?"

வன இலாகாத் தடியடியில்
ஒரு பெடியன், புதுச் சப்பாத்து,
கொப்பியில் எங்கள் பெயரை எழுதினான்.
எங்கே, என்ன அலுவல்.
சும்மாவுக்கு அதில் நிரல் இல்லை.
பேனையைக் கடித்து யோசித்துவிட்டு
கோயில் என்று எழுதினான்.
தடி உயர்ந்தது.
அடுத்த அரை மைல்
நாங்கள் பக்தைகளாக ஓடினோம்.

பிறகு பாலை நிழல், பிறகு வெயில்,
பிறகு என் பின்டயரில் ஒரு முள்.
டியூபை வாய்க்கால் தண்ணீரில் அமுக்கினேன்.
ஓட்டை தன்னைக் காட்டிக் குமிழி விட்டது.
அவள் பச் ஒட்டினாள், ஊதினாள்,
ஒரு முடக்கைப் பார்த்துச் சொன்னாள்:
"அதில ஒரு வீரை நிண்டது.
அதுக்குக் கீழதான் சமைச்சனாங்கள். மூண்டு நாள்."
அவ்வளவுதான்.
பம்பை மடித்துப் பையில் வைத்தாள்.
எனக்கும் இப்படி ஒரு முடக்கு உண்டு,
வேறொரு ரோட்டில்.
அங்கே வைத்து அவளும் கேட்டதில்லை.

முத்தையன்கட்டுக்கு இந்தப் பக்கம்
நாலு பந்தல் முந்திரிகை.
தகரக் கொட்டில் கழற்றிய குழாய்கள் தூணாக.
வரோதயன் ஒரு குலை அறுத்துத் தந்தார்.
புளிப்பு காதுவரை போனது.
"மூண்டு வருசம் புளிப்பு" என்றார்.
"நாலாம் வருசம் இனிச்சது. குரங்கு சொல்லிச்சுது."
இவரும் கேட்டார், எங்கே என்று.
சொன்னோம்.
சிரிக்கவில்லை அவர், குழப்பமும் இல்லை.
"நானும் இதைச் சும்மாதான் வச்சனான்" என்று
போத்தலில் தண்ணீர் நிரப்பித் தந்தார்.

மலை என்று சொல்ல இங்கே ஒன்றுமில்லை.
குளக்கட்டு மட்டும்.
அதற்கும் கடைசிப் பல்லுக்கு மாற்றி
எழும்பி நின்று மிதித்தேன்.
பதினான்கு மிதி. பதினைந்தில் சில்லு சுற்றியது,
சைக்கிள் நகரவில்லை.
லுமாலாவுக்குக் கியர் இல்லை.
அவள் முதலே இறங்கி
தள்ளிக்கொண்டே ஏறி முடித்திருந்தாள்.

மேலே காற்று.
தண்ணீர் இவ்வளவு இருக்கும் என்று
கீழே நின்றால் தெரியாது.
செத்த மரமொன்றில் நீர்க்காகம்
சட்டை காயப்போட்ட மாதிரிச் சிறகை விரித்திருந்தது.
நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.
முந்திரிகை விதையைத் துப்பினோம்,
ஆர் தூரம் என்று பார்த்தோம்.
அவள்தான்.

இரவு, வீட்டில்,
தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் சின்னச் சின்ன வட்டம்.
மேசை ஆடவில்லை.
கைதான் இன்னும்
கிறவலை விட்டு ஏறவில்லை.