இருவர் எடைக்கு

எஸ்கில் குனிந்து
பின்சக்கரத்தை உள்ளங்கையால் தடவுகிறான்,
மாட்டுத் தரகன் விலாவைத் தடவுவதுபோல.
"நடுவில் இலை போட்டுச் சாப்பிடலாம்" என்கிறான்.
உண்மைதான். வட்டமாய் வாங்கியது
தட்டையாகிவிட்டது.
நேர்ச்சாலையிலேயே ஓட்டிய
பதினேழாயிரம் கிலோமீட்டர் அது.

ஓரங்களில் மட்டும்
பிறந்த மேனிக்கு ரப்பர் முடிகள்,
பூனைக்குட்டியின் மீசை மாதிரி.
"இந்தப் பக்கம் நீ வந்ததே இல்லையே, குன்வோர்."
வண்டியைச் சாய்த்ததே இல்லை என்று அர்த்தம்.
நானூறு கிலோவை
நீ சாய்த்துப் பாரேன் என்று
சொல்ல வாயெடுத்து
காப்பியைக் குடித்தேன்.

மோல்டேயில் மழை
வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரன்.
போகிறேன் என்பான், போகமாட்டான்.
கடையின் தகரக் கூரையில் அவன் நடமாட்டம்.

சுவரோரம் நிற்கின்றன டயர்கள்.
இறுகிய ரப்பர் ஒன்று:
இருபதாயிரம் தாங்குமாம்,
ஈரத்தைக் கண்டால் மட்டும்
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
பக்கத்தில் இளகியது.
நகம் பதிகிறது.
சாலையைப் பிடித்தால் விடாது,
பிடித்துப் பிடித்தே
அடுத்த கோடைக்குள் தேய்ந்துபோகும்.
இரண்டுக்கும் பின்னால்
நடுவில் இறுக்கமும் ஓரத்தில் இளக்கமுமாக
ஒன்றை உருட்டி வந்தான்.
விலையைக் கேட்டதும்
நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"தனியாகவா போவாய்,
பின்னால் ஆள் உண்டா?"

சும்மா கேட்டதுதான்.
எடைக் குறியீட்டுக்காக.

போன செப்டம்பரில்
வெஸ்ட்னெஸ் துறையில்
ஃபெர்ரியின் இரும்புச் சரிவு நனைந்து கிடந்தது.
பின்சக்கரம் ஒரு சாண் விலகியது,
அவ்வளவுதான்.
அசைபோட இடம் பார்த்த பசுவைப் போல
நிதானமாகப் படுத்தது வண்டி.
தெர்யே ஈரத் தகட்டில் உட்கார்ந்திருந்தார்,
யாரோ நாற்காலியை இழுத்துவிட்டதுபோல.
பின்னால் பதினொரு கார்கள்.
ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.
அடித்திருக்கலாம்.

அதிலிருந்து அவர் பேருந்தில் வருகிறார்.
முழங்கால், என்கிறார்.
எனக்கு முன்பே போய்ச் சேர்ந்து
மீன் சூப் சொல்லிவைத்துக் காத்திருக்கிறார்.
கையுறைகளை வாங்கி
அடுப்பருகே காயவைக்கிறார்.
குறை சொல்ல முடியாது.
பின்னிருக்கையில் இப்போது ஒரு பை
வாரைக் கட்டிக்கொண்டு வருகிறது;
வளைவு வந்தால்
என் இடுப்பைப் பிடிப்பதில்லை.

"இரண்டு பேர்" என்றேன்.

எஸ்கில் எழுதிக்கொண்டான்.
டயரின் கன்னத்தில்
நான்கு இலக்கங்களைக் காட்டினான்,
பிறந்த வாரம், பிறந்த வருடம்.
நாற்பத்தெட்டாவது வாரம்.
"ஆறு மாதக் குழந்தை.
மேலே அச்சின் வழவழப்பு இருக்கிறது,
நூற்றைம்பது கிலோமீட்டர் வரை நம்பாதே.
கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்.
இன்றைக்குத் தனியாகத்தானே,
காற்றைக் குறைக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

கடைக்கு வெளியே ஒரு ரவுண்டானா.
ஒருமுறை சுற்றினேன், பயந்து.
மறுமுறை ஒரு விரற்கடை சாய்த்தேன்.
ஐந்தாவது சுற்றில்
ரொட்டி வண்டிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு
பன்னைப் பிய்த்துத் தின்றபடி
வேடிக்கை பார்த்தார்.
எட்டாவதில் கை தட்டினார்.
எனக்குத் தலை சுற்றியது,
வலப்பக்கமாய் மட்டும்.
இந்த நாட்டில் ரவுண்டானாவை
இடப்பக்கம் சாய்ந்துதான் சுற்ற முடியும்.
வலது ஓரத்துக்கு
வீட்டுக்குப் போகும் மலைப்பாதை இருந்தது.

தெர்யே வீட்டுச் செருப்போடு வெளியே வந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
வண்டிக்குப் பின்னால் போய்
சட்டென்று குந்தி உட்கார்ந்து
ஓரத்தில் விரலை ஓட்டினார்.
"மீசை போய்விட்டதே."

மழை அவர் முதுகில் பெய்தது.
அவர் எழுந்திருக்கவில்லை.
இப்படியும் அப்படியும் பார்த்து
இன்னும் தாழக் குனிந்தார்.
அவர் டயரைப் பார்த்தார்.
நான் முழங்காலைப் பார்த்தேன்.