இருபத்து நான்காவது துப்பாக்கி

வீடு என்னுடையது. எங்களில் வீடு பெண்ணுக்கு.
ஏணி என்னுடையது,
ஏணித் தலையில் செதுக்கிய இரண்டு முலைகளும்.
அவற்றைப் பிடித்துத்தான் ஏறி வந்தார் சார்ஜன்ட்.
குனியத் தெரியாத உயரம்.
உத்தரத்தில் நெற்றி இடித்தது.
நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார்.
பாதிக் காரியம் அங்கேயே முடிந்தது.

மீதிப் பாதிக்கு உப்பு வந்தது,
காய்ச்சல் மாத்திரை வந்தது,
என் இளையவள் ஹ புவானின் காதுச் சீழை
மண்டியிட்டுத் துடைத்த மருந்துப் பையன் ஒருவன் வந்தான்.
காட்டிலிருப்பவர்கள் இரவில் அரிசி கேட்பார்கள்.
விடிந்ததும் கீழ்நாட்டுச் சிப்பாய்கள்
யாருக்கு அரிசி கொடுத்தாய் என்று கேட்பார்கள்.
எதுவும் கேட்காமல் துடைத்தவன்
அந்தப் பையன் ஒருவன்தான்.
அது போதுமா என்று இப்போது கேட்காதீர்கள்.
அப்போது போதுமாக இருந்தது.

எருமை விழுந்தது. பெரிய ஜாடியைத் திறந்தேன்.
நாணல் குழலில் உறிஞ்சி உறிஞ்சி
சார்ஜன்டின் கழுத்து சிவந்தது.
என் அண்ணன் ஈ த்லோங்
அவருடைய தடித்த மணிக்கட்டில்
பித்தளைக் காப்பை நெரித்து மாட்டினான்.
"இனி உன் பகை எங்கள் பகை"
என்றான் மொழிபெயர்த்தவன்.
அண்ணன் சொன்னது அதுவல்ல.
"இனி நீ எங்களுக்குக் கடன்பட்டவன்" என்றான்.
ஒரே காப்பு,
இரண்டு வாக்கு.

இருபத்து நான்கு துப்பாக்கி.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு கைநாட்டு.
எழுத்தறியாத எங்கள் பையன்கள்
எண்ணை மனப்பாடம் செய்தார்கள்.
ஈ ந்யானுடையது ஐந்து, பூஜ்யம், ஏழு, இரண்டு.
மூங்கில் முனை தீட்டும்போதும் அதையே முணுமுணுப்பான்.
வேலியில் சொருக எத்தனை ஆயிரம் முனைகள்!
அந்த வருடம் எங்கள் காடு முழுக்க
வெளியே பார்த்துக் கூர்மையாக நின்றது.

மூன்றாம் பிறையில் ஓடைப் பக்கம் நாய் குரைத்தது.
ஒரே ஒரு வேட்டு.

விடிந்து பார்த்தால்
என் அக்காள் மகன் ஈ ப்லியெம்.
எங்கள் வழக்கில் அக்காள் மகன் என்றால் மகன்.
நிலத்தைக் கீழ்நாட்டார் அளந்தபோது காட்டுக்குப் போனவன்.
தோளில் வெறும் கோணி.
ஆயுதம் இல்லை.
மணிக்கட்டில் பித்தளை,
அதே அண்ணன் மாட்டியது.

சார்ஜன்ட் வந்தார். படம் எடுத்தார்.
தாளில் "ஒன்று" என்று எழுதினார்.
ஈ ந்யானின் தோளைத் தட்டினார்.
பிறகுதான் அந்த மணிக்கட்டைப் பார்த்தார்.
தன் சட்டைக் கையை
மெல்லக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

செத்தவன் வெறுங்கையோடு போகக் கூடாது.
தட்டை உடைத்து வைத்தோம், சின்ன ஜாடியை உடைத்து வைத்தோம்.
உடைந்தால்தான் பொருளின் மூச்சு அவனோடு போகும்.
எல்லாரும் எழுந்த பின்
ஈ ந்யான் தன் துப்பாக்கியைக் கல்லில் அடித்தான்.
கட்டை பிளந்தது, குழல் வளையவில்லை,
மறுபடி அடித்தான்.
"ஒருநாளும் இவனுக்கு ஒன்று தரவில்லையே" என்றான்.
மண்ணை நான்தான் தள்ளினேன்.

இரண்டு மழை கழித்து லாரி வந்தது.
சார்ஜன்டுக்கு ஊர் திரும்ப உத்தரவு,
துப்பாக்கிகளுக்குக் கீழ்நாடு போக உத்தரவு.
பட்டியலோடு ஓர் அதிகாரி,
முற்றத்தில் வரிசையாகக் கிடத்தி எண்ணினான்.
இருபத்து மூன்று.
மறுபடி எண்ணினான்.
வீடு என்னுடையது, அதனால் என்னைக் கேட்டான்.
"ஆற்றோடு போயிற்று" என்றேன்.
அது கோடை. ஆற்றில் கணுக்கால் தண்ணீர்.

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார்,
புதைமேட்டுப் பக்கம் பார்த்தார்.
எங்கள் பேச்சில், பிள்ளைகள் சிரிக்கும் அந்த உச்சரிப்பில்,
"ஆற்றோடு போயிற்று" என்றார்.
கீழ்நாட்டுப் பேச்சிலும் அதைச் சொல்லிக் கையெழுத்திட்டார்.

கடன் தீர்ந்ததா? அண்ணன் இல்லை என்கிறான்.
நான் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது வேலி உளுத்துவிட்டது.
அரிசி கேட்க இரண்டு பக்கமும் வருகிறார்கள்.
இருட்டியதும் ஏணியை மேலே இழுத்துக்கொள்கிறோம்.
ஓடைப் பக்கம் நாய் குரைத்தால்
தூக்கத்தில் ஈ ந்யான் சொல்வது
சுவர் மூங்கில் வழியே கேட்கும்:
ஐந்து, பூஜ்யம், ஏழு,