பச்சை என்று சொல்கிறார்கள்

ஜூலை மாதம். டிமாரு துறைமுகத்திலிருந்து
உப்பும் குளிரும் சேர்ந்து வந்து
ஷெட்டின் தகரக் கதவை ஆட்டுகின்றன.
ஸ்டாண்டில் தொங்குகிறது எஞ்சின்,
ஐம்பத்தொன்பதாம் வருஷத்து மாரிஸ் மைனர்,
தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு சிசி.

மூன்று நாள் சுரண்டினேன்.
கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், பல் கொட்டிய டூத்பிரஷ்.
மேலே எவனோ அடித்த வெள்ளி,
அதன் கீழே டிராக்டர் நீலம்.
வெள்ளியும் நீலமும் எனக்குத் தெரியும்,
அவற்றோடு எனக்கு வழக்கில்லை.
அதற்கும் கீழே
டைனமோ பிராக்கெட் மறைத்திருந்த இடத்தில்
கட்டைவிரல் நகமளவு
தொழிற்சாலை விட்டுப்போன நிறம்.

பச்சை என்றான் கெரிட்.
நம்பினேன். நம்பித்தான் ஆகவேண்டும்.
ஏழு வயதில்
புள்ளிகள் நிறைந்த புத்தகம் ஒன்றை நீட்டி
இதில் என்ன எண் என்று கேட்டார் டாக்டர்.
எண்ணா, எங்கே, என்றேன்.
அன்றிலிருந்து பச்சை எனக்குப்
பிறர் போய்வந்து சொல்லும் ஊர்.

பெயிண்ட் கடை வைமாரி
ஆறு அட்டைகளோடு வந்தாள்,
பெஞ்சின்மேல் சீட்டுக்கட்டுபோல் விரித்தாள்.
கெரிட் இரண்டாவது என்றான்.
அவன் மைத்துனன் கோர்மக் ஐந்தாவது என்றான்.
பாசியா வெண்கலமா,
பட்டாணிக்கு அந்தப்பக்கமா ஆலிவுக்கு இந்தப்பக்கமா,
தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை சண்டை.
கோர்மக் போனில் வெளிச்சம் அடித்தான்.
பகல் வெளிச்சம்தான் நிஜம் என்று
கெரிட் கதவைத் திறந்தான்.
பகல் வந்தது, மழையையும் கூட்டிக்கொண்டு.

உனக்கு எப்படித் தெரிகிறது, கேட்டாள் வைமாரி.
மழை விட்டபின் மேய்ச்சல் நிலத்துச் சேறு.
ஆறுமா?
ஆறும்தான். ஆனால் நான்காவது மட்டும்
ஒரு நூல் இருட்டு.
இந்த நகத்துண்டும் அதே இருட்டு.

மூவரும் குனிந்தார்கள்.
எஞ்சினிலிருந்து எண்ணெய்
ஒரு சொட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது.
அட, என்றாள் வைமாரி.
நிறம் தெரிந்தவர்கள் நிறத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

சனிக்கிழமை அடித்தேன்.
ஸ்டட் ஒவ்வொன்றுக்கும் டேப் சுற்றி,
துளைகளில் செத்த பிளக்குகளைத் திருகி,
தின்னர் தொட்ட துணியால் கடைசியாக ஒருமுறை துடைத்து.
இதற்குமேல் வெறுங்கை படக்கூடாது.
விரலின் பிசுக்கு ஆறு மாதம் வாய்மூடி இருந்துவிட்டு
ஒருநாள் கொப்பளித்துக் காட்டிக்கொடுக்கும்.
பிரைமர். ஹீட்டர் லாம்ப். சும்மா நிற்பது.
பிறகு மெலிதாக ஒரு கோட்,
அவசரப்படாமல் மெலிதாக இன்னொன்று.

பார்க்காத நிறத்தை எப்படி அடிக்கிறாய் என்கிறார்கள்.
ஈரத்தை வைத்துத்தான்.
பெயிண்ட் பட்ட இடம் விளக்கைத் திருப்பித் தருகிறது,
விட்ட இடம் விழுங்கிக்கொள்கிறது.
சிலிண்டர்களுக்கு இடையே, வாட்டர் பம்பின் இடுக்கில்,
பிரஷ் வழுக்கும் சத்தம்கூட மாறுகிறது.

இரவு பத்து மணிக்கு வைமாரி போன் செய்தாள்.
காய்ந்துவிட்டதா?
இல்லை, இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.
சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது.
யாரையும் கேட்காமல்
நானாகச் சொன்னேன்.

டேப்பெட் மூடியின் விளிம்பில்
ஒரு சொட்டு இறங்கி
பாதி வழியில் மனம் மாறி நின்றிருந்தது.
காலையில் கெரிட் பார்த்துவிட்டான். தேய்த்துவிடு என்றான்.
தொழிற்சாலையிலும் அப்படித்தான் விடுவார்கள் என்றேன்.
பச்சைப் பொய்.
அவன் தலையாட்டினான்,
சொட்டு தப்பியது.

செப்டம்பரில் முதல்முறை ஓடவிட்டபோது
மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் லேசாகப் புகைந்து
முடி கருகிய வாசனை வந்து அடங்கியது.
நன்றாக இருக்கிறது என்றார்கள்.
என்ன நிறத்தில் நன்றாக இருக்கிறது என்று
நான் கேட்கவில்லை.

கோர்மக் மட்டும்
ஐந்தாவது அட்டையை
இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறான்.